பாவித்த கார் வாங்குமுன்



மோட்டார்க் கார் என்பது ஒரு காலத்தில் செல்வர் வீட்டு முற்றத்துக்கு மட்டும் உரிய பொருளாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. எங்கள் மன்னார் மாவட்டத்தின் மடுப் பிரதேசத்தையே எடுத்துக்கொள்வோம். காட்டை ஊடறுத்துச் செல்லும் வீதிகள். ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கும் குடியிருப்புகள். இருள் சூழ்ந்தால் யானை குறுக்கிடும் வழிகள். யூலை 2, ஓகஸ்ற் 15 ஆகிய பெருவிழாக்களின்போது நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் யாத்திரிகர் மருதமடுவுக்கு வருவர். அப்போது வாகனங்களுக்குக் குறைவே இராது. ஏனைய நாள்களின் நிலை வேறு. போரினால் நின்றுபோன ரயில் 2013 ஆம் ஆண்டு மடு வீதி வரைக்கும், 2015 ஆம் ஆண்டு தலைமன்னார் வரைக்கும் மீண்டும் ஓடத் தொடங்கியது நமக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் ரயில் தனக்குரிய நேரத்தில் வரும். பிரசவ வேதனையும் மார்பு நோவும் நேரம் பார்த்து வருவதில்லை.

ஆகையால் ஓர் ஆசிரியரோ, கமக்காரரோ, கடற்றொழிலாளரோ, சிறு கடை நடத்துபவரோ தம் குடும்பத்துக்கென ஒரு சிறு காரை நாடுவதை ஆடம்பரம் என்று கூறலாகாது. ஆனால், புதிய கார் இவர்களுள் மிகப் பெரும்பாலார்க்கு எட்டாக் கனி. இறக்குமதி வரி ஒருபுறம். மற்றொருபுறம், 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதியில்தான். இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பாவிக்கப் பாவிக்க விலை குறைய வேண்டிய பொருள், பாவிக்கப் பாவிக்க விலை ஏறிற்று. 2022 இல் ரூபாவின் மதிப்புச் சரிந்தபோது அது மேலும் ஏறிற்று. பல ஆண்டுகள் ஓடிக் களைத்த கார்கள், அவற்றைப் புதிதாக வாங்கிய விலையைக் காட்டிலும் கூடிய விலைக்குக் கைமாறின. தடை நீங்கிய பின்னரும் வரிச்சுமை நீங்கவில்லை. எனவே நடுத்தரக் குடும்பம் நாடுவது பாவித்த காரையே.

அதற்குரிய பணம் எங்கிருந்து வருகின்றது? சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. நகையை அடகு வைத்துப் பெற்ற காசு. கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ உடன்பிறந்தார் அனுப்பிய காசு. வங்கியில் பெற்ற கடன். ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் ஓர் இரும்புப் பெட்டியாக மாறுகின்றது. அந்தப் பெட்டி நம்பத்தக்கதாக இல்லாவிடின் பணமும் போகும்; எந்த அவசரத்துக்கென்று வாங்கினோமோ அந்த அவசர வேளையில் வண்டி வீதியோரத்தில் நின்றும் விடும். ஆதலால், பாவித்த காரின் நம்பகத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் கேள்வி நிதானமாக ஆராயத்தக்கது.

பலரும் கேட்கும் முதற் கேள்வி, "எந்தக் கார் நல்லது?" என்பது. சுசுக்கியா, ரொயோற்றாவா, நிசானா என்று பெயரிலே தொடங்கிப் பெயரிலேயே முடித்துவிடுகின்றனர். தொழிற்சாலையின் பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பின்னர் அப்பெயரின் பங்கு குறைந்து, வைத்திருந்தவரின் பங்கு கூடிவிடுகின்றது. ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு கார்களுள் ஒன்று இன்றும் இளமையோடு ஓடுவதையும் மற்றையது திருத்தகத்தின் மூலையில் கறள் பிடித்துக் கிடப்பதையும் காண்கிறோம். ஆகவே நம்பகம் என்பது மூன்று பொருள்கள் கூடிய இடத்தில் பிறப்பது: காரின் அமைப்பு, காரின் கடந்தகாலம், கார் ஓடப்போகும் ஊர். இம்மூன்றும் பொருந்தினால்தான் ஒரு காரை நம்பலாம்.

இதற்கு நமது வடபுலத்து வரலாறே சிறந்த சான்று. மொறிஸ் மைனர் என்னும் சிறு கார் 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். அதனையும் ஒஸ்ரின் ஏ-40 போன்ற கார்களையும் இலங்கையர் பல தலைமுறைகளாகப் பேணி வந்தனர். மொறிஸ் மைனருக்கு வேண்டிய உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், வடக்குக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் மருந்துபோல் துளிக்கணக்கில் அளந்து பாவிக்கப்பட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஓடியவை எவை? புதிய கார்களா? இல்லை. அந்தப் பழைய ஒஸ்ரினும் மொறிசுமே ஓடின. சிறிது பெற்றோலை ஊற்றி எஞ்சினைச் சூடாக்கியபின், மண்ணெண்ணெயில் ஓட்டினர்.

இஃது எவ்வாறு இயன்றது என்பதை நோக்குதல் வேண்டும். அவ்வெஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. எரிபொருளைக் காற்றோடு கலப்பது காபுறேற்றர் என்னும் எளிய கருவி; ஒரு திருப்புளியும் பொறுமையும் உள்ள எவரும் அதனைக் கழற்றிப் பூட்டலாம். இன்றைய கார்களில் அந்த வேலையைக் கணினியும் எரிபொருள் பீச்சியும் செய்கின்றன. அவை சிக்கனமானவை, புகை குறைந்தவை. ஆனால் மண்ணெண்ணெயை ஏலா. சாதாரண காலத்தில் கிழவி என்று ஒதுக்கப்பட்ட கார், தடைக்காலத்தில் குடும்பத்தைக் காத்த கார் ஆயிற்று. கார் மாறவில்லை, காலமும் இடமுமே மாறின. அந்தக் கார்களை நான் இன்று வாங்கச் சொல்லவில்லை. "நல்ல கார்" என்பதைவிட "இந்த ஊருக்கு, இந்தக் காலத்துக்கு, என் வருவாய்க்கு ஏற்ற கார்" என்று கேட்பதே பொருத்தமான கேள்வி என்பதையே சொல்ல வந்தேன்.

இனி, பாவித்த கார்ச் சந்தையின் இயல்பை நோக்குவோம். 1970 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் அதனை ஏற்க மறுத்தபின், நான்காவது இதழொன்றில் அது வெளிவந்தது. 2001 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அக்கட்டுரை முக்கிய காரணம். அக்கட்டுரையின் உதாரணப் பொருளே பாவித்த கார்தான். அவர் கூறியதன் சாரம் இது: காரின் குற்றங்குறைகளை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். அறியாதவர் அச்சத்தால் எல்லாக் கார்களுக்கும் ஒரு நடுத்தர விலையையே கொடுக்க முன்வருவார். அந்த விலைக்குத் தம் நல்ல காரை விற்க நல்ல கார் வைத்திருப்பவர் விரும்பமாட்டார். சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுபவை குறைபாடுள்ள கார்களே. அதனை உணர்ந்து வாங்குபவர் இன்னும் விலையைக் குறைப்பார்; எஞ்சிய நல்லனவும் விலகும். இவ்வாறு, ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை இழந்த சந்தை படிப்படியாகத் தேய்ந்துபோகும்.

இந்த உண்மையை நம் முன்னோர் மாட்டுச் சந்தையில் கண்டிருந்தனர். தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. அதன் மறுபக்கம் யாது? காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்தும், நடக்க விட்டும், ஏரில் பூட்டியும் பார்க்கவேண்டும் என்பதே. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது மனிதரைத் தேர்வது பற்றியதாயினும், ஆராயாமல் நம்புதலும் ஆராய்ந்தபின் ஐயுறுதலும் துன்பம் தரும் என்ற அதன் கருத்து காருக்கும் பொருந்தும். விற்பவருக்குத் தெரிந்ததை நாமும் தெரிந்துகொள்வதே வாங்குபவரின் முழுப்பணி. அதற்கு மூன்று சாட்சிகள் உள்ளன: பத்திரம், உடல், ஓட்டம்.

முதலாவது சாட்சி பத்திரம். தரகர், "மாஸ்ரர், இது ஒரு லேடி டொக்டர் ஓடின கார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெங்கும் போகேல்லை" என்பார். நாட்டிலுள்ள பெண் மருத்துவர்கள் அத்தனை கார்களையும் வாங்கி ஓட்டியிருப்பின் நோயாளரைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திராது! சொல்லை விட்டு எழுத்தைப் பாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கிய பதிவுச் சான்றிதழில் இப்போதைய உரிமையாளர், முன்னைய உரிமையாளர்கள், எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், உற்பத்தி ஆண்டு ஆகியவை இருக்கும். செசி இலக்கத்தைக் காரிலே தேடிக் கண்டு, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அவ்விடம் சுரண்டப்பட்டோ புதிதாக உருக்கி ஒட்டப்பட்டோ இருப்பின், அதற்குமேல் ஒரு சொல்லும் பேசாது வீடு திரும்புங்கள்.

இலக்கத் தகட்டைக் கொண்டு காரின் வயதைக் கணிப்பது நம்மவர் வழக்கம். முற்காலத்து ஸ்ரீ எழுத்து, பின்னர் வந்த எண்கள், அதன்பின் வந்த ஆங்கில எழுத்துகள் ஆகியவற்றின் வரிசை, கார் இலங்கையில் பதிவான காலத்தையே கூறும். அது பிறந்த காலத்தைக் கூறாது. யப்பானில் சில ஆண்டுகள் ஓடி, பின்னர் இங்கு வந்து பதிவான காருக்கு இரண்டு வயதுகள் உண்டு. விலை பேசும்போது தரகர் இளைய வயதைச் சொல்வார். எஞ்சின் மூத்த வயதையே அறியும்.

அடுத்து, கடன். லீசிங் நிறுவனமோ வங்கியோ கொடுத்த கடன் தீரும்வரை, சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் அந்நிறுவனத்தின் பெயரே இருக்கும். கடன் முற்றாகத் தீர்ந்ததற்கான எழுத்தும், அப்பெயர் நீக்கப்பட்டமையும் கையில் வராமல் முழுப்பணத்தையும் கொடுக்கலாகாது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர், விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்தார். மூன்றாம் மாதம் நிறுவனத்தார் வந்து காரை எடுத்துச் சென்றனர். விற்றவரை இன்றுவரை காணவில்லை. ஆசிரியரின் சம்பளத்தில் வங்கிக் கடன் மட்டும் மாதந்தோறும் கழிகின்றது.

மூன்றாவது, திறந்த பத்திரம் எனப்படும் வழக்கம். பதிவு உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் பெயரில்லாமல் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். கார் பதிவு மாறாமலே நாலைந்து கைகள் மாறும். சட்டமோ, உரிமை மாறிய 14 நாள்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்கின்றது. பதிவிலுள்ளவர் இறந்துவிட்டால் அல்லது நாட்டைவிட்டுப் போய்விட்டால், வாங்கியவர் பாடு திண்டாட்டமே. காரால் விபத்தோ குற்றமோ நேர்ந்தால் முதலில் தேடப்படுபவர் பெயர் பதிவில் உள்ளவரே; ஆதலால் விற்பவருக்கும் இது கேடு. பதிவு உரிமையாளரின் அடையாள அட்டையைப் பார்த்து, அவரை நேரிற் கண்டு, அவர் கையாலேயே கையொப்பம் பெறுதல் நன்று. இவற்றோடு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். புகைப் பரிசோதனை நம் நாட்டில் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் மீண்டும் மீண்டும் தவறிய காரின் எஞ்சினில் குறை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது சாட்சி உடல். இவ்விடத்தில் எங்கள் மன்னார்க் கடலையும் காற்றையும் பற்றிச் சிறிது கூறவேண்டும். உப்பளமும் உவர்நிலமும் சூழ்ந்த தீவு மன்னார். சோளகமும் வாடையும் மாறி மாறி உப்புத் துகளைச் சுமந்து வருகின்றன. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்புச் சேர்ந்தால் அந்நீர் மின்னை எளிதிற் கடத்தும் கரைசலாகித் துருவை விரைவுபடுத்துகின்றது. உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பும் உண்டு. ஆதலால் மழையில்லா நாளிலும் தகட்டின் மடிப்புகளில் ஈரம் தங்கும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் கடற்கரையோரம் நின்ற கார் ஒன்றையும், மடுக் காட்டினுள்ளே நின்ற அதே வயதுக் கார் ஒன்றையும் அருகருகே நிறுத்திக் கீழே குனிந்து பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

மேலே பூசிய வர்ணத்தைக் கண்டு மயங்கலாகாது. கதவுகளின் அடிவிளிம்பு, சில்லுகளின் மேல்வளைவு, தரைவிரிப்பின் கீழ், உபரிச் சில்லு வைக்கும் குழி, முன்புறத்தில் சஸ்பென்சன் பொருந்தும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டு செல்லுங்கள். துருவை மறைக்கப் பூசிய மாவுப்பூச்சின்மேல் காந்தம் ஒட்டாது; ஒட்டினாலும் தளர்வாகவே ஒட்டும். பின்பெட்டியில் மீன்பெட்டி ஏற்றிய கார் எனின், பனிக்கட்டி உருகிய உப்புநீர் தரைத்தகட்டைத் தின்றிருக்கும். வாசனைத் திரவியம் வழக்கத்துக்கு மிஞ்சி மணக்கும் காரில் மூக்கைவிடக் கண்ணுக்கே கூடிய வேலை கொடுங்கள்.

உப்பைப் போலவே வெள்ளமும் பகை. 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகிக் கொழும்பின் புறநகர்கள் நீரில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் வெள்ளக்காடாக்கியது, மன்னாரும் தப்பவில்லை. நீரில் மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து, தொலைவிலுள்ள ஊருக்குக் கொண்டுபோய் விற்போரும் உளர். ஆசனப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் உள்முனையில் சேற்றுக்கோடு தெரியலாம். ஆசனத்தின் கீழுள்ள இரும்புச் சட்டங்களில் புதுத்துரு, விளக்குக் கண்ணாடிகளுள் ஈரப்படலம், கம்பித்தொடுப்புகளில் பச்சைக் களிம்பு ஆகியவை வெள்ளத்தின் அடையாளங்கள். கணினியால் இயங்கும் இன்றைய கார் ஒருமுறை மூழ்கினால், அதன் நோய் பல மாதங்கள் கழித்தும் வெளிப்படும்.

கிலோமீற்றர்மானியையும் நம்பிவிடாதீர்கள், அதனைப் பின்னோக்கித் திருப்புவது பழைய தந்திரம். சாட்சியத்தை ஓட்டுநர் தொட்ட இடங்களில் தேடுங்கள். பிறேக் மிதியின் றப்பர் தேய்ந்து, சுக்கான் வழவழத்து, ஓட்டுநர் ஆசனம் குழிந்திருக்க, மானி மட்டும் 40,000 கிலோமீற்றர் என்று கூறினால், மானியே பொய் கூறுகின்றது. யப்பானிலிருந்து வந்த கார் எனின், அங்கு ஏலத்தில் விற்கப்பட்டபோது எழுதிய ஏலத் தாளைக் கேளுங்கள். விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டதா என்பதும் அன்றைய கிலோமீற்றரும் அதில் இருக்கும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்று இருப்பின் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பூ நன்றாக இருந்தாலும் பழைய ரயர் எங்கள் வெயிலில் வெடிக்கும்.

மூன்றாவது சாட்சி ஓட்டம். "நான் வரும்வரை எஞ்சினை இயக்கவேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சூடான எஞ்சின் தன் குறையை மறைக்கும். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். இயக்கியதும் பின்னால் சென்று புகையைப் பாருங்கள். நீலப் புகை, எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் மிகையாகச் செல்வதைக் காட்டும். சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை, குளிர்விக்கும் நீர் எரியறைக்குள் கசிவதைக் காட்டும். ஒயில் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற படலம் இருந்தால் ஒயிலில் நீர் கலந்திருக்கலாம்.

றேடியேற்றர் மூடியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும், திறந்து பாருங்கள். எங்கள் பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்; அதனையே றேடியேற்றரில் ஊற்றுவோர் பலர். கேத்திலில் படிவது போன்ற சுண்ணப் படிவு அங்கும் படிந்து, குழாய்களை அடைக்கும். மேகமில்லா நண்பகலில் மதவாச்சியிலிருந்து மன்னார் வரை நீளும் ஏ-14 வீதியில் ஒரு சிறு எஞ்சின் இடைவிடாது ஓடும்போது, அந்த அடைப்பு எஞ்சினையே கொன்றுவிடும். ஆகவே சந்தையைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தல் போதாது. குறைந்தது அரைமணி நேரமேனும், குடும்பத்தினர் நால்வரை ஏற்றி, குளிரூட்டியை இயக்கி, நெடுவீதியில் ஓட்டுங்கள். வெப்பமானி ஏறுகின்றதா, பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கின்றதா, கரடுமுரடான வழியில் எங்கிருந்து சத்தம் வருகின்றது, கியர் மாறும்போது உதறல் உண்டா என்று கவனியுங்கள். அதன்பின் காரை ஓரிடத்தில் நிறுத்திச் சிறிது நேரம் கழித்துத் தரையைப் பாருங்கள். குளிரூட்டியிலிருந்து சொட்டும் தெளிந்த நீர் இயல்பு; ஒயில் துளி நோய்.

இனி, சில கார் வகைகளைப் பற்றியும் கூறாவிடின் பேச்சு முற்றுப்பெறாது. இந்தியாவில் 1983 ஆம் ஆண்டு தோன்றி 2014 வரை உற்பத்தியான மாருதி 800, 796 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் மூன்று சிலிண்டர்களும் உடைய எளிய கார். அதன் பின்தோன்றல் போன்ற அல்ற்றோவும் அவ்வாறே. உறுதியிலும் பாதுகாப்பிலும் அவை பெரிய கார்களுக்கு ஈடாகா. ஆனால் அவற்றைத் திருத்தத் தெரிந்தவர் சிறு ஊரிலும் இருப்பார். 2009 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ராரா நனோ, இரு சிலிண்டர் எஞ்சினைப் பின்புறத்தில் கொண்டது. அதன் உற்பத்தி 2018 இல் நின்றுவிட்டமையால் உதிரிப்பாகம் பற்றி முன்கூட்டியே விசாரித்தல் நன்று.

யப்பானின் வகன் ஆர் போன்ற கார்கள், 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத எஞ்சின் என்ற அந்நாட்டு விதிக்கமைய நகர வீதிகளுக்காகச் செய்யப்பட்டவை. உள்ளே இடம் தாராளம். எரிபொருட் செலவு குறைவு. ஆனால் சிறிய எஞ்சின் நெடுவீதியில் கடுமையாக உழைக்கவேண்டியிருத்தலால், காலந்தவறாது ஒயில் மாற்றப்பட்டதா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். ரொயோற்றா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் பின் இருக்கையின் கீழ் பெரிய பற்றறி உண்டு. அதனைக் குளிர்விக்கும் காற்றுவழி புழுதியால் அடைபட்டால் பற்றறி விரைவில் நலிவுறும். அதன் மாற்று விலை சாதாரண குடும்பத்தைத் திகைக்கச் செய்யும். நிசான் லீவ் என்னும் மின்காரில், பற்றறியின் எஞ்சிய ஆற்றலை முகப்புப் பலகையிலுள்ள பன்னிரண்டு கோடுகள் காட்டும். வெப்பம் அப்பற்றறிக்குப் பகை. கோடுகள் குறைந்த காரை எங்கள் வெயிலுக்குக் கொண்டு வருவதற்குமுன் பலமுறை யோசியுங்கள்.

இவற்றுள் எதனை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கு முன், ஊரிலுள்ள திருத்துநரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் காரை உமக்குத் திருத்தத் தெரியுமா? இதன் உதிரிப்பாகம் மன்னாரிலோ வவுனியாவிலோ கிடைக்குமா, கொழும்புக்கே போகவேண்டுமா? பழுது ஏற்பட்டால் எத்தனை நாள் கார் நிற்கும்? கொழும்பில் வாழ்பவருக்கு நம்பகமான கார், எங்களுக்கும் நம்பகமானதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கார் பார்க்கச் செல்லும்போது நீங்கள் அறிந்த திருத்துநரை அழைத்துச் சென்று, அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். தரகர் அறிமுகம் செய்யும் திருத்துநர், தரகரின் கண்ணாலேயே பார்ப்பார்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். கையிலுள்ள முழுத்தொகைக்கும் கார் வாங்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி வையுங்கள். பாவித்த கார் வீட்டுக்கு வந்த முதலாண்டிலேயே ரயர், பற்றறி, பிறேக் என்று தன் பங்கைக் கேட்கும். எரிபொருட் செலவையும் கணக்கில் எடுங்கள். 2022 யூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடிய சிறு கார் அதைக்கொண்டு 300 கிலோமீற்றர் சென்றது. 8 கிலோமீற்றர் ஓடிய பெரிய கார் 160 உடன் நின்றது. அம்முறை 2023 செப்ரெம்பரில் நீங்கிவிட்டது. அது கற்பித்த பாடம் நீங்கவில்லை.

"இன்றே முற்பணம் தராவிட்டால் நாளை வேறொருவர் கொண்டுபோய்விடுவார்" என்னும் அவசரத்துக்கு ஆளாகாதீர்கள். போனால் போகட்டும். நல்ல காரைத் தவறவிட்டவர் மற்றொரு நல்ல காரைக் காண்பார். தீய காரை வாங்கியவர் அதனை மற்றொருவர் தலையில் கட்டவே வழி தேடுவார்.

அங்கேதான் நேயர்களே, இது காரைப் பற்றிய பேச்சு என்ற நிலையைக் கடந்து ஊரைப் பற்றிய பேச்சாகின்றது. இன்று வாங்குபவராகச் செல்லும் நாம் நாளை விற்பவராக நிற்போம். ஏமாற்றப்பட்டவர், தாம் பட்ட நட்டத்தை ஈடுசெய்ய அடுத்தவரை ஏமாற்றினால், அக்கர்லொவ் கூறியபடி நல்லவர்கள் சந்தையை விட்டு விலகுவர். அந்தச் சந்தையில் பின்னர் பொருள் வாங்கவேண்டியவர்கள் நம் பிள்ளைகளே. விற்கும்போது, "எஞ்சின் நன்று, றேடியேற்றர் ஒருமுறை மாற்றியது, இடப்பக்கக் கதவு அடிபட்டது" என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பவருக்குச் சில ஆயிரம் ரூபா குறையலாம். அந்தக் கார் ஒருநாள் நள்ளிரவில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு மடுக் காட்டைக் கடந்து மன்னார் வைத்தியசாலை வாயிலைச் சேரும்போது, அதனை ஓட்டிச் செல்பவர் எந்த இடத்தில் எதனை நம்பலாம் என்று அறிந்து ஓட்டுவார். ஒரு காருக்கு அதனினும் பெரிய உத்தரவாதம் எந்தத் தொழிற்சாலையாலும் தர இயலாது.